பேஸ் கிட்டாரில் மாதாவின் நீலம்

கம்பத்தில் ஒரு கடைக்காரர் பழைய பேஸ் கிட்டாரைக் காட்டி, "மொத பெயிண்ட்டு சார், யாரும் கை வைக்கல" என்றார். எனக்குச் சந்தேகம். திருகாணிகளின் ஓரத்தில் நீலம் ஒட்டியிருந்தது.

அந்த நீலம் எனக்குத் தெரியும். 1998-இல், ராயப்பன்பட்டிக் கோயில் திருவிழாவுக்கு முன்பு, மாதா சுரூபத்துக்கு அடித்ததில் மிஞ்சிய பெயிண்ட்டைப் பெரியப்பா தன் பேஸுக்கும் பூசினார். "இதையும் சப்பரத்துல ஏத்தப் போறீகளா?" என்று சிரித்தார் பெரியம்மா.

மறு வருடம் அந்த பேஸ் பாடகர் குழுவின் அறையிலிருந்து காணாமல் போனது.

"ஏலே அந்தோணி, சாவி ஒங்கிட்டதான இருந்துச்சு?" என்று டிரம்ஸ் வாசித்தவரை எல்லார் முன்னாலும் கேட்டார் பெரியப்பா.

"மாதா சத்தியமா நா எடுக்கலண்ணே."

யாரும் நம்பவில்லை. அந்தோணி பிறகு வாசிக்கவே வரவில்லை.

"இத யாரு கொடுத்தாக?" என்று திருகாணி ஓர நீலத்தைக் காட்டிக் கடைக்காரரிடம் கேட்டேன்.

"ராயப்பன்பட்டிக்காரரு ஒருத்தரு, ரொம்ப வருசத்துக்கு முன்னாடி. தன்னோட பேஸுதான்னாரு. வெரலு மரத்துப்போச்சு, வாசிக்க முடியல, வீட்ல தெரிஞ்சா பாவம் பாப்பாகன்னு சொன்னாரு. நீலத்த நாந்தான் சொரண்டுனேன்."

வீட்டுக்குப் போக, பஸ்ஸில் உத்தமபாளையத்தில் இறங்க வேண்டும். கிட்டாரை வாங்கிக்கொண்டு, அந்தோணி இப்போது இருக்கும் சின்னமனூருக்கு டிக்கெட் எடுத்தேன்.