பனிக்குள் மின்னிய கண்

போன தை மாதம் அண்ணன் அனுப்பிய ஒரு போட்டோ என் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் ஊர்க் காளியம்மன் திருவிழா. குழந்தைகள் வரிசையாக நிற்கிறார்கள். பிளாஷ் வெளிச்சத்தில் எல்லாக் கண்களிலும் சிவப்புப் புள்ளி. ஓரத்தில் நிற்கும் சின்னப் பெண்ணுக்கு மட்டும் ஒரு கண் வெள்ளையாக மின்னுகிறது.

நான் ஜவ்வாது மலையில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இன்று குழந்தைகளின் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். மலைப் பிள்ளைகள் ஏன் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. அந்த வெள்ளை, கண்ணுக்குள் வளரும் புற்றாக இருக்கலாம். தாமதித்தால் உயிர் போய்விடும்.

"யாருண்ணா அந்தப் பாப்பா?" என்று போனில் கேட்டேன்.

"இன்னாம்மா இப்டி கேக்குற? பாப்பாவா அது? நம்ம ஆத்தா வந்து நின்னுக்கினு இருக்கா. கண்ணப் பாத்தல்ல?"

லீவு போட்டு ஊருக்கு ஓடினேன். எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் அதே போட்டோ, குங்குமம் வைத்து. பக்கத்து வீட்டிலும் அப்படியே. எங்கே நுழைந்தாலும் விளக்குக்குப் பின்னாலிருந்து அந்த ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது. திருவிழாவுக்கு முன்னும் பின்னும் அந்தப் பிள்ளையைப் பார்த்தவர் யாருமில்லை.

"சாமிக்கு ஏதும்மா அப்பன் பேரு?" என்று பூசாரி சிரித்தார்.

பக்கத்து மலை ஊர்களிலெல்லாம், நெல்லிவாசல்நாடு வரை நடந்து கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கே பயம் வந்தது. படத்தில் இருப்பது குழந்தையே இல்லையோ?

லீவு முடிந்த விடிகாலை. கோயிலில் தனியாக விழுந்து அழுதேன். "தாயே, அது நீயானால் என்னை மன்னித்துவிடு. பிள்ளையானால் என் கண்ணில் காட்டு." ஓர் இலைகூட அசையவில்லை.

ஏமாந்த மனத்தோடு போளூர் போகும் ஜீப்பில் ஏறினேன். பனி வழியை மூடியிருந்தது. ஒரு வளைவில் திரும்பியதும், ஹெட்லைட் வெளிச்சத்தில், தரையோடு ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைப் புள்ளி. டிரைவர் பிரேக் அடித்தார்.

"எறங்காதீங்க டாக்டரம்மா! அது மன்ஷங்க கண்ணு இல்ல!"

இறங்கினேன். கிட்டே போகப் போக ஒரு பாவாடை தெரிந்தது. போட்டோவில் பார்த்த அதே முகம், மூக்கு ஒழுகிக்கொண்டு. பின்னால், புளி மூட்டையோடு அவள் அம்மா.

ஊர் ஊராகக் கூலிக்குப் போகிறவள் அவள். "திருவிழாவுல பெரியவங்கல்லாம் எம்பொண்ணு கால்ல வுழுந்தாங்க. பயந்துபோய் தூக்கிக்கினு ஓடியாந்துட்டேன்."

"இங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"ரோட்டுக்குப் போ, வண்டி வருதுன்னு ஒரு அம்மா சொன்னாங்க. தோ, இப்பத்தான்..."

அவள் கை காட்டிய பக்கம் பனி மட்டுமே இருந்தது. அங்கே வீடும் இல்லை, பாதையும் இல்லை. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அதே ஜீப்பில் குழந்தையைக் கொண்டுபோனோம். புற்றுதான். அந்தக் கண்ணை எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நோய் அதைத் தாண்டவில்லை. இன்று அவள் என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கிக்கொண்டு வார்டு முழுக்க ஓடுகிறாள்.

என் படிப்பு என்னைக் குழந்தையிடம் கொண்டுபோகவில்லை. காளித் தாய்தான் கொண்டுபோனாள். இப்போது அவளைக் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் நான் தொடுவதில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுக் குழந்தையின் கண் வெள்ளையாக மின்னினால் கும்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வழியில் ஆத்தாவும் உங்களோடு வருவாள்.