வசந்தி ஒருநாளும் போகாத மைதானங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஒரு தனியார் கோல்ஃப் கிளப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளை மேசை விரிப்பு, சுவர் முழுக்கக் கிளப்பின் பழைய தலைவர்களின் படங்கள்... கூட்டிப் போனவள் என் சிநேகிதி வசந்தி. அவளுடைய மகளின் மாமியார் வீட்டார் அங்கே பழைய அங்கத்தவர்கள். அந்தத் தயவில் இவளும் இப்போது அங்கத்தவர்.

சம்பந்தி அம்மா வசந்தியிடம் கேட்டார்.

“நீங்கள் விளையாட எங்கை பழகினனீங்கள்? இந்தக் கவுன்சில் நடத்திற பொது மைதானம் ஏதும் ஒண்டிலையோ?”

வசந்தி சிரித்தாள்.

“சீச்சீ. அங்கை நாய் கொண்டு திரியிற ஆக்கள்தானே. நான் ஒருநாளும் போனதில்லை.”

நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். ஒருநாளும் போனதில்லையா?

செவன் கிங்ஸில் இருக்கும் எனக்கு நெடுங்காலம் லண்டன் என்றால் வீடு, வேலை, கோயில், இல்ஃபோர்ட் கடைகள். கவுன்சில் பெண்களுக்கு இலவசமாக கோல்ஃப் பழக்குகிறது என்று என்னை இழுத்துக்கொண்டு போனவளே வசந்திதான். அதன் பிறகு ஞாயிறுதோறும் ஒரு பொது மைதானம். அங்கத்துவம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். வாடகை மட்டையோடு யாரும் இறங்கலாம்.

அப்படித்தான் இந்த நகரத்தைப் பார்த்தோம். கிழக்கே காட்டோரத்தில் ஒரு மைதானம் — நடக்க வருகிறவர்களின் கண்ணில் படவேண்டும் என்று அங்கே சிவப்பு உடுத்தித்தான் ஆட வேண்டும். மேற்கே ஒன்றில் தலைக்கு மேல் விமானங்கள். ஒன்று போய் மற்றது வருவதற்குள் பேச்சை முடிக்க வேண்டும். தெற்கே ஒரு மேட்டில் பந்தை விட்டுவிட்டு, தூரத்தில் தெரிந்த கண்ணாடிக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வால்தம்ஸ்டோவுக்கு அப்பால் ஒரு நரி எங்கள் பந்தைக் கவ்விக்கொண்டு போனது. படமெடுக்க முடியாத அளவுக்குச் சிரித்தோம்.

கணவர் அவளை விட்டுப் போன வருடமும் இந்த மைதானங்களில்தான் கழிந்தது. ஒருநாள் மழையில், தெற்கு மேட்டு மரத்தடியில் நின்று அழுதாள். “வீட்டிலை அழ ஏலாது, பிள்ளை பாத்திடுவாள்” என்றாள். எங்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வந்த இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் ஒன்றும் கேட்காமல், எங்களைக் கடந்து போகாமல், அவள் முடிக்கும்வரை மழையில் காத்து நின்றார்கள்.

அந்த இடத்துக்குத்தான் அவள் ஒருநாளும் போனதில்லை.

சாப்பாடு முடிந்து நானும் வசந்தியும் கார் பார்க்குக்கு வந்தோம்.

“குறை நினைக்காதை. இஞ்சை அப்பிடித்தான் கதைக்க வேணும்” என்றாள்.

“ஓம்” என்றேன்.

“பேஸ்புக்கிலை நீ போட்ட படங்கள் கிடக்கெல்லே. அதுகளை எடுத்துவிடுறியோ? சம்பந்தி அம்மா தேடிப் பாப்பா. மகளுக்குத்தான் பேச்சு விழும்.”

மகளுக்காக என்றால் மறுக்க முடியாது. தலையாட்டினேன். என்னை வீட்டில் இறக்கிவிடத் தனக்கு நேரமில்லை என்றாள். பஸ்ஸில் வந்தேன்.

வழியெல்லாம் யோசித்தேன். நாங்கள் அகதியாக வந்த கதையை மேடை போட்டுச் சொல்கிறோம். பெட்ரோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்ததைச் சொல்லும்போது குரலில் பெருமைகூட வருகிறது. அதெல்லாம் பழசு, பாதுகாப்பானது. நேற்றுவரை நின்ற இடத்தைத்தான் ஒளிக்கிறோம் — அதோடு, அங்கே கூட நின்றவர்களையும். வசந்தி மட்டும்தானா இப்படி? நமக்குள் எத்தனை பேர்?

வீட்டுக்கு வந்து படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். சிவப்புச் சட்டை, விமானம், மேடு... கடைசிப் படத்தில் எங்கள் இருவர் முகத்திலும் மழைத்தண்ணீர். கொஞ்ச நேரம் பார்த்தேன். அதையும் அழித்தேன்.

சிநேகிதிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?