கதவுக்கடியில் ஒரு செருப்பு

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டுக் காரை ஒரு சரிவுப் பலகையில் உருட்டிவிட்டு, அது கம்பளத்தில் எவ்வளவு தூரம் போகிறது, மரத்தரையில் எவ்வளவு, குளியலறைத் தரையில் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமாம். நேற்றுப் பின்னேரம் முழுக்க எங்கள் டோர்செட் பார்க் வீட்டில் இதே சத்தம்தான். கடைசியில் அவள் என் இறப்பர் செருப்பைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் போட்டாள். கார் அதில் ஏறப்பார்த்து, அப்படியே நின்றது.

"அம்மா, லுக்! டக்கெண்டு நிண்டிட்டுது!"

நான் செருப்பைப் பறித்துக்கொண்டேன். பிறகு, பிள்ளையிடம் ஏன் அப்படிப் பறித்தேன் என்று யோசித்துத் திரும்பக் கொடுத்தேன். என்னை உங்களுக்குத் தெரியும்தானே, எதையும் இரண்டு தரம் செய்கிறவள். கையில் இறப்பர் வாசம் மட்டும் நின்றுவிட்டது.

உராய்வை நான் படித்தது யாழ்ப்பாணத்தில், பிரயோக கணித வகுப்பில். எங்கள் வினாத்தாள்களில் பாதித் தளங்கள் ஒப்பமானவை. ஒப்பமான மேசை, ஒப்பமான கப்பி. உராய்வே இல்லாத தளம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று நாங்கள் சிரிப்போம். இந்த நாட்டில் நாங்கள் முதலில் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கிறது. முதல் பனிக்காலம், கட்டட வாசலில், இரண்டு காலும் வானத்தைப் பார்க்க விழுந்தேன். பின்மண்டை அடிபட்டு, நாக்கைக் கடித்து, வாயெல்லாம் இரத்தம். என்னைத் தூக்கி நிறுத்தியவர் தவம் அண்ணை.

தவம் அண்ணை எங்கள் மாடியில் கோடி வீட்டுக்காரர். வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றி இறக்குவது அவர் வேலை. பெரிய குளிர்சாதனப் பெட்டியைப் பழைய கம்பளத் துண்டில் ஏற்றி, ஒரு கையால் இழுத்துப் போவார். நாங்கள் தரையில் படுக்கிறோம் என்று அறிந்து, யாரோ வெளியே போட்டிருந்த கட்டிலைத் தூக்கிவந்து, கால்களில் உருளுகிற சில்லும் பூட்டித் தந்தார். "இனி ஒரு விரலாலை தள்ளலாம் தங்கச்சி. கீழை கூட்டிறது சுகம்" என்றார். அவ்வளவு நல்ல மனிதர். இதை நான் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அது உண்மை.

அவருடைய மனைவி சுகந்தியக்கா. என்னைப் போலவே ஊரில் கணிதப் பிரிவில் படித்தவர். என் மகளுக்கு அப்போது தவழும் வயது. அவளை மடியில் வைத்துக்கொண்டு, பழைய வினாக்களை ஞாபகப்படுத்தி இருவரும் மனக்கணக்குப் போடுவோம். அந்த மாடியில் தமிழ்வீட்டுக் கதவுகளைப் பகலில் யாரும் பூட்டுவதில்லை. கறிக்கு உப்புப் போதாவிட்டால் நேரே உள்ளே போய் எடுப்போம். ஆனால் சில நாட்களில் கோடி வீட்டிலிருந்து கதிரை இழுபடும் சத்தம் கேட்கும். பிறகு ஏதோ சுவரில் மோதும். பிறகு ஒன்றும் கேட்காது. நாங்கள் எல்லோரும் கேட்டோம். எலிவேற்றரில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. புருஷன் பெண்சாதி விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் தூரத்தில், பிறம்ரனில், பண்டகசாலை வேலையில். அடுப்பில் சோறு கொதித்தது. சுகந்தியக்கா ஓடிவந்து உள்ளே விழுந்தார். ஒரு காலில் மட்டும் இறப்பர் செருப்பு. உதடு பிளந்து, பல்லெல்லாம் சிவப்பு.

"பூட்டும்! கெதியாப் பூட்டும்!"

பூட்டினேன். சங்கிலியையும் போட்டேன். முதல் உதையிலேயே சங்கிலியின் ஆணிகள் மரத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. இரண்டாவதில் பூட்டின் நாக்கு முறிந்தது. நாங்கள் இருவரும் தோளைக் கொடுத்துக் கதவைச் சாத்தினோம். நான் காலுறையோடு நின்றேன். மெழுகு பூசிய மரத்தரை என்னைப் பின்னால் வழுக்கிக்கொண்டு போனது. காலுறைகளைக் கழற்றி எறிந்தேன். வெறுங்கால் கொஞ்சம் பிடித்தது. பிள்ளை அலறத் தொடங்கினாள். ஓடிப்போய் அவளைக் குளியல் தொட்டிக்குள், துவாய்களுக்கு நடுவே, கிடத்திவிட்டு வந்தேன். தொலைபேசி சமையலறைச் சுவரில். அதை எடுக்கப் போயிருக்கலாமா? போயிருந்தால் கதவில் அக்கா தனியே. இன்றைக்கும் இதை யோசிக்கிறேன்.

பாரமாக எதையாவது வைக்க வேண்டும் என்று, முன்னறையில் கிடந்த கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். உதை விழுந்தது. கட்டில் பின்னால் ஓடி என் இடுப்பில் இடித்தது. கதவு ஒரு சாண் திறந்தது. அந்த இடைவெளியால் தவம் அண்ணையின் முகத்தைக் கண்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு, கிட்டத்தட்டச் சிரித்தபடி சொன்னார்:

"தங்கச்சி, உது நான் பூட்டின சில்லு."

உதைச் சத்தத்தை விட இந்த வசனம்தான் எனக்குக் கனவில் வருகிறது.

இருவரும் பாய்ந்து கதவை மறுபடி சாத்தினோம். அரிசி மூட்டையை இழுத்து வைத்தேன். அசையாமல் கிடக்கிற பொருளை அசைப்பதுதான் கடினம், அசைந்துவிட்டால் பிறகு சுலபம் என்று படித்திருக்கிறேன். மூட்டை ஓர் உதைக்குத் தாங்கியது. அடுத்ததற்கு வழுக்கத் தொடங்கியது, பிறகு நிற்கவேயில்லை. அதன் வெளிச்சாக்கு பிளாஸ்ரிக். கதவு விளிம்பு என் விரலில் இறங்கி நகத்தைக் கிழித்தது.

"விடும் அதை," என்றார் சுகந்தியக்கா. குனிந்து, காலில் இருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி, மெல்லிய முன்பக்கத்தைக் கதவுக்கு அடியில் செருகிக் குதியால் மிதித்தார். கதவு அதில் ஏறி, இறுகி, நின்றது. வெளியிலிருந்து தவம் அண்ணை தள்ளத் தள்ள இன்னும் இறுகியது.

"எங்கடை குளியலறைக்கு உதுதான் பூட்டு," என்றார் மூச்சுக்கிடையில். "பாரத்தை நம்பாதையும்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இது புதிதாக யோசித்த யோசனை அல்ல.

வெளியே அவர் ஓடிவந்து மோதினார். கதவுச் சட்டம் வெடித்துச் சிராய் தெறித்தது. கெட்ட வார்த்தைகள். சுகந்தியக்காவின் தாயை, என்னை, என் கணவரை. பிறகு இன்னும் பின்னுக்குப் போய் ஓடிவந்திருக்க வேண்டும். வெளியே போய்வந்த அவருடைய சப்பாத்துப் பனி உருகி மாடி நடைக்கூடத் தரையெல்லாம் தண்ணீர். கால் வழுக்கியது எங்களுக்கே கேட்டது. பிறகு எலும்பு மோதும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்தது.

"விழுந்திட்டார் போல," என்றார் சுகந்தியக்கா. முகம் மாறிவிட்டது. "மண்டை அடிபட்டிருக்கும். பாப்பம்."

"வேண்டாம் அக்கா."

"செத்துக்கித்துப் போனாரெண்டால்? நான் பாக்க வேணும்."

அவர் முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் செருப்பை இழுத்தார். அது வரவில்லை. அழுதுகொண்டு இழுத்தார். கதவை உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் இறுக்கம் விட்டுச் செருப்பு கழன்றிருக்கும். எனக்கு அது தெரியும். நான் சொல்லவில்லை. சொல்லாமல், நகம் கிழிந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே வெளியே முனகல் கேட்டது. அடுத்த கணம் கதவின் நடுப்பலகையில் விழுந்த உதையில் அக்காவின் கை அதிர்ந்து விலகியது. சுகந்தியக்கா சுவரோடு சாய்ந்து, காதைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டார். பிறகு செருப்பைத் தொடவில்லை.

யாரோ ஒரு பக்கத்து வீட்டார் பொலிசுக்குப் போன் அடித்திருந்தார்கள். அவர்கள் வந்து தவம் அண்ணையைப் பிடித்தார்கள், பிறகு எங்கள் கதவைத் தள்ளினார்கள். தள்ளத் தள்ள அது இறுகியது. நான் உடைந்த ஆங்கிலத்தில், தள்ளாதையுங்கோ, உங்கடை பக்கம் இழுங்கோ என்று கத்தினேன். பொலிஸ்காரருக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. இழுத்தார்கள். செருப்பு தானாகக் கழன்று என் காலடியில் கிடந்தது.

சுகந்தியக்கா என் பனிச்சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவர்களோடு போனார். திரும்பி வரவில்லை. வேறெங்கோ ஒரு நகரத்தில் இருந்து ஒரு தரம் தொலைபேசி எடுத்தார், பிள்ளை நடக்கிறாளா என்று கேட்டார். நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. குளியலறைக் கதவை எத்தனையோ தரம் அப்படி அடைத்துத் திறந்தவருக்கு, செருப்பை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தே பிழையாக இழுத்தாரா? சில நாட்களில் ஓம் என்று நினைக்கிறேன். சில நாட்களில், பயத்தில் மறந்திருப்பார், நான்தான் அவரை அடைத்து வைத்தேன் என்று நினைக்கிறேன். எது என்றாலும் வாயைத் திறக்காமல் இருந்தது சரி என்றுதான் படுகிறது. ஆனாலும் யோசிக்கிறேன்.

மாடியில் சிலர் என்னைக் குடும்பம் பிரித்தவள் என்றார்கள். என் கணவர் கட்டிலின் சில்லுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார். எல்லா வீட்டுக்கும் இரண்டாவது பூட்டு வந்தது. உப்புக்கு அதன்பிறகு கதவு தட்ட வேண்டியிருந்தது.

டோர்செட் பார்க்குக்கு மாறிய நாளில் கட்டட மேற்பார்வையாளர் வந்து நாங்கள் வெறுமையாக்கிய பழைய வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கதவு புதிது, சட்டம் புதிது. தரையில் மட்டும் செருப்பு உராய்ந்த இடத்தில் கருப்பாக ஒரு பிறை. அதை என்ன என்று கேட்டார். இறப்பர் என்றேன். அவர் ஏதோ திரவத்தை ஊற்றி, முழங்காலில் இருந்து, துணியால் அழுத்தித் தேய்த்தார். மகள் என் இடுப்பில் இருந்து எட்டிப் பார்த்தாள். விடுங்கோ, அது இருக்கட்டும் என்று சொல்ல வாய் உன்னியது. பிறை மெலிந்து, கீறலாகி, போய்விட்டது.

நான் நன்றி சொன்னேன்.