அழுத இடம்

என் தம்பி செத்துப்போனதாக எனக்கு ஒரு தடவை போன் வந்தது. அவன் இப்போதும் இருக்கிறான். காரைக்குடியில் ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறான். அந்தச் செய்தி தெரிந்தே சொன்ன பொய்.

காக்காய் தலையில் தட்டினால் அந்த ஆளுக்குச் சாவு நெருங்குகிறது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அதற்குப் பரிகாரமும் உண்டு. அந்த ஆள் இறந்துவிட்டதாக ரத்த சொந்தத்தில் ஒருவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கேட்டவர் அதை நம்பி அழ வேண்டும். அந்தக் கண்ணீரோடு கண்டம் கழிந்துவிடும். பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் பெரியப்பாவுக்கு இப்படிச் செய்தார்கள். சேதி கேட்ட அத்தை தலைவிரிகோலமாக மூன்று தெரு தாண்டி ஓடிவந்தாள். பெரியப்பா வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தை கையில் கிடைத்த செம்பை எடுத்து அவர் மேல் எறிந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தைக்கு ஆட்டுக்கறி வாங்கிக் குழம்பு வைத்துப் போட்டு அனுப்பினார்கள். எனக்கு அது ஒரு திருவிழா மாதிரிதான் நினைவில் இருந்தது.

போன் வந்தது கோடை விடுமுறை முடிகிற வாரத்தில், ஒரு சனிக்கிழமை. நான் அமராவதிபுதூர் பக்கம் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் உதவியாளர் வேலை. திங்கட்கிழமை பள்ளி திறந்துவிட்டால் மறுபடியும் அடுப்பும் புகையும்தான். அதனால் அந்த இரண்டு நாளையும் எனக்கென்று வைத்திருந்தேன். பெரிய திட்டம் ஒன்றுமில்லை. சனிக்கிழமை கூழ் வடகம் பிழிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மழைக்காலத்துக்கு முன்னால் கம்பளி, ஜமுக்காளம் எல்லாவற்றையும் துவைத்துப் போட வேண்டும். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு ஆட்களோடு பேசுவது எப்போதுமே கஷ்டம்.

துவைத்ததை எங்கே காயப்போடுவது என்பது மட்டும்தான் யோசனையாக இருந்தது. என் வீட்டுக்குப் பின்னால் யாரோ வாங்கிப் போட்ட காலி மனை இருக்கிறது. கொடிக்கயிறு அதில்தான். அந்த வருடம் அங்கே ஒரு ஜோடி ஆக்காட்டிக் குருவி முட்டை வைத்திருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. சரளைக் கல்லை ஒதுக்கி ஒரு சின்னக் குழி. முட்டையும் கல் மாதிரியே இருக்கும். முதல் நாள் நான் தெரியாமல் பக்கத்தில் போய்விட்டேன். இரண்டும் கத்திக்கொண்டு மேலே ஏறி, ஒன்று மாற்றி ஒன்று என் முகத்துக்கு நேரே பாய்ந்து வந்தன. வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். அதற்குப் பிறகு துணி போட வேண்டுமென்றால் வேலியோரமாகச் சுற்றிப் போவேன். அப்படிப் போனாலும் ஒன்று என் கூடவே தரையில் நடந்து வரும். நான் வீட்டுக்குள் நுழைகிற வரைக்கும் கத்தும். என்னை அந்த வருடம் தினமும் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் மொட்டை மாடியில் வேட்டித் துணி விரித்துப் பாதிக் கூழைப் பிழிந்திருந்தேன். போன் அடித்தது. தம்பி மனைவியின் கூடப்பிறந்தவன்.

“மதினி.”

“சொல்லுங்க தம்பி.”

“மச்சான் போயிட்டாக மதினி. நெஞ்சு வலிக்குதுன்னாக. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டாக.”

நம்பாமல் இருக்கக் காரணமே இல்லை. அந்தத் தை மாதம்தான் மதுரையில் தம்பிக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

“சரி, வாரேன்” என்றேன்.

அந்தப் பக்கம் அவன் போனை வைக்கவில்லை.

“மதினி, கேக்குதா?”

“கேக்குது.”

“மச்சான் போயிட்டாக மதினி.”

“கேட்டுச்சு தம்பி. இந்தா கிளம்புறேன்.”

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

எனக்கு முதலில் தோன்றியது, மிச்சக் கூழ் புளித்துவிடும் என்பது. அதற்கு ஒரு தட்டைப் போட்டு மூடினேன். மாடியிலிருந்து இறங்கி வந்து காஸை அடைத்தேன். சாயம் போன சேலை ஒன்றை எடுத்துக் கட்டினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். நெஞ்சில் மட்டும் அரிசி மூட்டையை ஏற்றி வைத்த மாதிரி ஒரு கனம்.

எனக்கு அழ வராது. சில வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன ஊரில் இறந்ததும் இதே மாதிரி ஒரு போனில்தான் தெரிந்தது. அன்றைக்கு வந்த பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நான் சும்மா இருந்தேன். “கல்லு கெணக்கா இருக்கா பாரு” என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். என் தம்பிதான் அவளிடம் போனான். “எங்கக்கா உள்ளுக்குள்ள அழுகும். அது உங்களுக்குத் தெரியாது. எந்திரிச்சு அங்குட்டுப் போங்க” என்றான். அவன் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

கடைத்தெருவில் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். மாலையைப் பார்த்ததும் கண்டக்டர் முன் சீட்டில் இருந்த ஒரு பையனை எழுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

“யாருக்கும்மா?”

“தம்பிக்கு.”

அவர் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். அதுதான் என்னை அன்றைக்கு அழவைக்கப் பார்த்தது. ஆனால் பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள்.

தம்பி வீட்டு வாசலில் செருப்புகள் இல்லை. நாற்காலிகள் இல்லை. தெருவில் ஒரு பெண் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு என் கையிலிருந்த மாலையையே பார்த்தாள். நடையைத் தாண்டி உள்ளே போனேன். என் தம்பி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

“வாக்கா” என்றான்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தம்பி மனைவி ஓடிவந்து என் காலைத் தொட்டாள்.

“கோவிச்சுக்கிராதீக மதினி. காக்கா தட்டிருச்சு. ஒரு தடவ இல்ல, தினமும் தட்டுது. எங்கம்மா சொல்லுச்சு, கூடப்பொறந்தவுகளுக்குச் சொல்லிவிட்டாத்தான் கழியும்னு. பிள்ளைகிட்டச் சொல்ல மனசு வரல. அது காலேஜ் பரிச்சைக்குப் படிக்குது.”

“நல்லா இருக்கான்ல?” என்றேன்.

“இருக்காக.” அவள் என் இரண்டு கையையும் பிடித்தாள். “மதினி, அழுதீகல்ல?”

நான் கையிலிருந்த மாலையைக் குனிந்து பார்த்தேன்.

“போன்ல சத்தமே வரலயே மதினி. அழுகாட்டிப் பலிக்காதாம்.”

பின்னால் நின்ற அவள் கூடப்பிறந்தவன், “நான் ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன்” என்றான். வேலையைச் சரியாகச் செய்தவன் மாதிரிதான் அதைச் சொன்னான்.

அவள் முகத்தைப் பார்த்தேன். மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் இருந்த இருப்பை நான் பார்த்திருக்கிறேன். அதே முகம்தான் இப்போதும் இருந்தது. அவளுக்கு இது விளையாட்டில்லை. நான் அழவில்லை என்று சொன்னால் அவள் ஒவ்வொரு நாளும் அவன் கடைக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் செத்துச் செத்துப் பிழைப்பாள்.

“பஸ்ல அழுதேன்” என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு வராத அழுகை அவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காபி கொடுத்தார்கள். மத்தியானம் கறி எடுத்துச் சமைக்கிறேன், சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். வீட்டில் கூழ் கிடக்கிறது என்று சொல்லிக் கிளம்பினேன். மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, சாமிக்கும் போடக் கூடாது. நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் வருகிறேன் என்று தம்பி கூட வந்தான்.

வாசலில் இறங்கும்போது குடையை விரித்தான். வெயிலுக்கு என்று நினைத்தேன். எதிரில் நின்ற வேப்ப மரத்திலிருந்து காக்காய் நேராக வந்து குடை மேல் டப்பென்று மோதியது. சுற்றிப்போய் மறுபடியும் வந்தது. நான் குடைக்கு வெளியேதான் நடந்தேன். என்னை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.

“என்னயத்தான் அடிக்கும். தெருவுல எத்தன பேர் போனாலும் என்னயக் கண்டுக்கிரும்” என்றான்.

“என்ன பண்ணுன அத?”

“குஞ்சு ஒண்ணு கீழ விழுந்து கெடந்துச்சு. நாய் தூக்கிருமேன்னு எடுத்துச் சுவத்து மேல வச்சேன். பூன கொண்டு போயிருச்சு. அது பூனய விட்டுருச்சு. என்னயத்தான் புடிச்சிருக்கு.”

சிரித்தான். கொஞ்சம் நடந்தாலே அவனுக்கு மூச்சு வாங்கியது. தெரு முனை வரைக்கும் காக்காய் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தோம். மாலையைப் பக்கத்தில் வைத்தேன். குடையை மடக்கி அதன் நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தான்.

“அக்கா, நெசமாவே அழுதியா?”

“ம்.”

“எந்த எடத்துல?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

“ரஸ்தா ஸ்டாப்பு தாண்டுனதும்” என்றேன்.

தலையை ஆட்டினான். மண்ணில் கீறியதைக் காலால் அழித்துவிட்டு, “ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாக. நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்” என்றான்.

கூழுக்கு மூடி போடுகிற சத்தம் கேட்டிருக்காது. அதற்கு முன்பே போனை வைத்துவிட்டார்கள். ஆனால் “சரி, வாரேன்” என்றதைக் கேட்டிருப்பான். அவன் செத்ததற்கு நான் சொன்னது அவ்வளவுதான்.

எங்கக்கா உள்ளுக்குள்ள அழுகும் என்று அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் சொன்ன மாதிரி இன்றைக்கும் அவனே சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அடுத்தவர் சாவுக்கு அது போதும். தன் சாவுக்குப் போதவில்லை போலிருக்கிறது. நானாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். நெஞ்சில் இருந்த கனத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கண்டக்டர் விரலை மடக்கிவிட்டதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வராது.

பக்கத்தில் ஏதோ மெல்லுகிற சத்தம் கேட்டுத் திரும்பினோம். ஒரு வெள்ளாடு மாலையில் பாதியைத் தின்றிருந்தது.

“விடு, திங்கட்டும்” என்றான் தம்பி. “மாலை நல்ல மாலையாத்தான் வாங்கியிருக்க.”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து பார்த்தபோது அவன் ஆட்டின் வாயில் மாட்டிக்கொண்ட நாரை இழுத்து எடுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஆகவில்லை. கூழ் புளித்திருந்தது. கொட்டினேன். வேட்டியில் பிழிந்த வடகம் அடிப்பக்கம் காயாமல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை நினைத்த மாதிரியே ஜமுக்காளங்களைத் துவைத்தேன். வாளியோடு பின்பக்கம் போய் வேலியோரமாகத் திரும்பினேன். சத்தமே இல்லை. நின்று பார்த்தேன். குழி காலியாக இருந்தது. சுற்றிலும் நாய்க் கால் தடம். ஓடுகூட மிச்சமில்லை. ஆக்காட்டி இரண்டும் தள்ளித் தள்ளி நின்றன. நான் மனைக்கு நடுவே நேராக நடந்து கொடிக்குப் போனேன். குழிக்குப் பக்கத்திலேயே காலை வைத்தேன். ஒன்று லேசாகக் கழுத்தைத் திருப்பியது. அவ்வளவுதான். ஈர ஜமுக்காளத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கூட யாரும் வரவில்லை.

பள்ளி திறந்த மறு வாரம் தம்பி மனைவி போன் செய்தாள். காக்காய் போய்விட்டதாம். மரத்தில் ஒன்றுமே இல்லையாம்.

“நீங்க அழுத அழுகைதான் மதினி. அதான் கழிஞ்சிருச்சு” என்றாள்.

மிச்சக் குஞ்சுகள் பறந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. பின்னால் தொலைக்காட்சிச் சத்தமும் தம்பி இருமுகிற சத்தமும் கேட்டது. “இந்தா, மதினிகிட்டப் பேசுங்க” என்று அவள் சொல்வதும் கேட்டது. அவன், “நல்லாருக்கேன்னு சொல்லு” என்றான்.

இப்போதும் பேசிக்கொள்வோம். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பேன். அவன் பதில் சொல்வான். போனை முதலில் வைப்பது அவன்தான்.

காரைக்குடிக்குப் போகிற நாளெல்லாம் நான் ஜன்னலோரமாக இடம் பார்த்து உட்காருகிறேன். ரஸ்தா ஸ்டாப் தாண்டியதும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்கிறேன். தம்பி செத்துப்போனான் என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கு அந்த நம்பிக்கைகள் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் அவள் கழிந்தது என்று நினைக்கிற கண்டம் கழியவில்லை என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். கொஞ்ச தூரத்துக்குக் கருவேலங்காடு வரும். பிறகு ஒரு செங்கல் சூளை. பிறகு கடைகள் ஆரம்பித்துவிடும். கண்ணில் ஒன்றும் வராது. கண்டக்டர் இறங்குகிறவர்களை முன்னால் வரச் சொல்லுவார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.