நவமணி நிறுத்தவிடாத வைத்தியம்

கோலசிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிய நவமணியை, தொழிலாளர் லயத்து வீடுகளில் யாரும் வம்புக்கு இழுக்கமாட்டார்கள். வாய் அப்படி. ஆனாலும் 1983ஆம் ஆண்டுவரை அவள் கோபம் குழாயடியோடு தீர்ந்துபோகிற கோபம்தான். மகள் கங்காவுக்குத் தலைவலி வந்த பிறகுதான் அது வீடுவரை வந்து தங்கியது.

கங்காவுக்குப் பத்து வயது. காலையில் எழுந்ததும் வாந்தி எடுப்பாள். தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் புழு மாத்திரை கொடுத்தார். மறுபடி போனபோது, பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளையின் நடிப்பு என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தரக் கேட்டதற்கு, எல்லார் முன்னாலும் நவமணியை அதட்டி அனுப்பினார். மாதங்கள் போயின. ஒரு நாள் கங்கா குடிகாரனைப் போல் தள்ளாடிப் போய்க் கால்வாயில் விழுந்தாள். நவமணி யாரையும் கேட்கவில்லை. ஈரப் பாவாடையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். மூளையின் பின்பக்கம் புற்றுக்கட்டி. அறுத்து எடுத்த பிறகு டாக்டர் கார்த்திகேசு பெற்றவர்களை உட்காரவைத்துப் பேசினார். கட்டி முழுசாக வரவில்லை. தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சு வைக்க வேண்டும். அது மட்டும் போதுமா என்பது சந்தேகம். பிள்ளைகளுக்குக் கூடவே ஊசி மருந்தும் கொடுத்துப் பார்க்கிறார்கள், பலன் இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது. கதிரால் வளர்த்தியும் ஞாபகமும் குறையலாம் என்றும் மறைக்காமல் சொன்னார்.

கதிர் வைத்து முடித்து வீடு வந்தபோது கங்காவுக்கு முடி கொட்டியிருந்தது. பகலெல்லாம் தூங்கினாள். நவமணியின் புருஷன் நல்லசாமிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. ஜெராமிலிருந்து வந்த அவன் அண்ணன் சிவானந்தம் சொன்னார்: "தலையத் தீச்சாச்சு. இனிமே வெஷத்தையும் ஏத்தணுமா? புள்ளய நிம்மதியா விட்டுருங்க."

நல்லசாமி தலையாட்டினான்.

"நிம்மதியான்னா என்னா மாமா?" என்றாள் நவமணி. "சாவ விடுறதா? அத வாயத் தொறந்து சொல்லுங்க."

அவள் புருஷன் பக்கம் திரும்பி, வர இஷ்டமில்லையென்றால் வீட்டில் கிடக்கலாம், நானும் பிள்ளையும் ஊசிக்குப் போகிறோம் என்றாள். மறுநாள் விடியும்போது நல்லசாமி துணிப்பையோடு பஸ் நிற்கும் இடத்தில் நின்றான்.

ஊசி மருந்து கதிரைவிடக் கொடுமை. அவ்வளவு தூரம் போய், ரத்தம் குறைவு, இன்றைக்குப் போட முடியாது என்று திரும்பிய நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் நவமணி பஸ்காரனிடம்கூடச் சண்டை பிடித்தாள். ஒரு தடவை கங்கா கையை நீட்ட மாட்டேன் என்று தாதியை உதைத்தாள். நவமணி அவள் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள்.

"ஒனக்குக் கோவம்னா ஊசிய நீ போட்டுக்க," என்றாள் கங்கா. "என்ன யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நவமணி வெளியே போய் நடைபாதையில் உட்கார்ந்தாள். திரும்பி வந்து, இந்த மருந்து எதற்கு என்று டாக்டரைக் கங்காவிடமே சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். கங்கா அழுதுகொண்டே கையை நீட்டினாள்.

கங்கா பிழைத்தாள். கதிரா, மருந்தா, எது காப்பாற்றியது என்று பின்னொரு வருஷம் நவமணி கேட்டபோது, ஒரு பிள்ளையை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மனுஷர் அவர் ஒருவர்தான் என்று நல்லசாமியிடம் சொன்னாள்.

வகுப்பில் கணக்கில் முதலாக வந்த பெண், வாய்ப்பாட்டை மறந்தாள். ஆசிரியர் கடைசி வரிசைக்குத் தள்ளினார். நவமணி பள்ளிக்கே போய் முன் வரிசையில் உட்காரவைத்துவிட்டு வந்தாள். பதினாறு வயதில் கங்கா அம்மாவின் தோளுக்குக்கூட வரவில்லை. தஞ்சோங் காராங்கில் ஒரு தையற்கடையில் பொத்தான் தைத்தாள். உயிரோடு இருக்கிறாளே, அதுவே பெரிது என்று உறவுக்காரர்கள் சொன்னால் நவமணிக்கு ஆகாது.

"அந்த டிரெஸர் சீக்கிரம் அனுப்பியிருந்தா இவ்வளவு போயிருக்காது," என்பாள். "அத மட்டும் ஒருத்தரும் பேசமாட்டேங்கிறீங்க."