வளைந்து தெரிந்த நூல்

கொத்தனார் இஞ்ஞாசி சுவரைப் பார்ப்பது வலது கண்ணால். நூலைக் கட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு, கல்வரி ஓடும் திசையில் ஒரு பார்வை. திண்டுக்கல்லில் அவர் எழுப்பிய சுவரில் வேறு யாரும் மட்டம் வைத்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கண்ணில் புரை விழுந்து, 2005 கோடையில் ஆபரேஷன் செய்துகொண்டார். அதற்கு முன்பிருந்தே இரண்டு கண்ணிலும் நீர் அழுத்தம். அதே நோய்க்கான சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்தித்தான் அவருடைய அண்ணன் பார்வையை இழந்தார். அதனால் இஞ்ஞாசி ஓர் இரவும் தவறியதில்லை. ஜெபம் முடிந்ததும் கண்ணுக்கு ஒரு சொட்டு. பூசிய சுவருக்குத் தண்ணீர் விடுவதைப் போலத்தான் அவருக்கு அது. புரைக்குப் போன புது ஆஸ்பத்திரியில் வேறு மருந்து உண்டா என்று கேட்டபோது, "சுகர், பிரஷர் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார்.

கட்டுப் பிரித்ததும் பார்வை பளிச்சென்று இருந்தது. வேலைக்குத் திரும்பிச் சில வாரம் கழித்து, ஆத்தூர் சாலையில் எழுப்பிக்கொண்டிருந்த சுவர் நடுவில் புடைத்துத் தெரிந்தது. ஈரக் கலவையில் இருந்த செங்கற்களை உள்ளே தட்டினார்.

"நல்லாத்தானண்ணே இருந்துச்சு" என்றாள் சித்தாள் முத்துப்பேச்சி.

"நீ கலவையத் தூக்கு தாயி."

"தூக்குறேன். நாளைக்குக் கோணலாப் போச்சுன்னு என் தலையில கட்டாதீங்க."

பார்வையும் லேசாக மங்குவது போலிருந்தது. பூச்சில் வெடிப்பு கண்டால் இன்னும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதே கணக்கில் அழுத்தச் சொட்டைக் காலையிலும் ஒன்று சேர்த்துக்கொண்டார். புடைப்பு கூடியது.

ஒருநாள் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூலே நடுவில் வளைந்து நின்றது. காற்று இல்லை. குண்டு தொங்கும் நூல் வளையாது. கண்ணை மாற்றி மூடிப் பார்த்தார்; இடது கண்ணுக்கு நூல் நேராக இருந்தது. குண்டை அப்படியே விட்டுவிட்டு மணல் மேட்டில் போய் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "விழித்திரை நடுவுல வீங்கியிருக்கு. என்னென்ன மருந்து விடுறீங்க?"

அந்த ஆஸ்பத்திரியில் கொடுத்ததை மட்டும் இஞ்ஞாசி எடுத்து வைத்தார். மனைவி ஜெயமேரி பையைத் துழாவிப் பழைய சொட்டுக் குப்பியையும் பக்கத்தில் வைத்தாள்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல? ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்கு இந்தச் சொட்டாலயும் வீக்கம் வரலாம். இப்போதைக்கு இது வேண்டாம்."

இஞ்ஞாசியின் கை குப்பியை மூடிக்கொண்டது. "நிப்பாட்டித்தான் எங்கண்ணனுக்குக் கண்ணு போச்சு."

"நிப்பாட்டச் சொல்லலய்யா, மாத்தச் சொல்றேன். அழுத்தத்துக்கு இந்தப் புதுச் சொட்டு. வீக்கத்துக்கு இது தனி. ரெண்டையும் சொன்ன அளவுக்குத்தான் விடணும்."

"சுவத்துக்கு ஊத்துற தண்ணி இல்லையாம், கேட்டுக்கங்க" என்றாள் ஜெயமேரி.

கை விலகக் கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டு ஜன்னல் கம்பியில் தூக்குக்குண்டு ஒன்றைக் கட்டினார். காலையில் மருந்து விடுமுன் வலது கண்ணால் நூலைப் பார்ப்பார். முதலில் மாற்றமே இல்லை; பழைய குப்பியைத் தேடி எழுந்து, திரும்பி வந்து உட்கார்ந்த நாளும் உண்டு. அழுத்தம் கூடவில்லை என்று டாக்டரம்மா சொல்லச் சொல்லத்தான் மனம் நின்றது. வளைவு மெல்லக் குறைந்தது. கிறிஸ்துமஸ் குடில் கட்டும் சமயத்தில் நூல் நேராகிவிட்டது. ஒரு மயிரிழை அளவு மட்டும் அங்கங்கே நெளியும்.

ஆத்தூர் சாலை வீடு இன்னும் பூசாமல் நின்றது. நூலைக் கட்டி, இடது கண்ணை மூடினார்.

"முத்துப்பேச்சி, இந்த இடம் உள்வாங்கியிருக்குல்ல?"

"அன்னைக்கே வாங்கிருச்சுண்ணே." அவள் சுத்தியலையும் உளியையும் கொண்டுவந்து வைத்தாள். "எந்த வரியிலருந்து பிரிக்கணும்?"