பச்சைமலை அடிவாரத்தில் காயம்பட்ட கரடி

காலை ஐந்தே முக்காலுக்குத் திருமானூரில் பஸ் ஏறினேன். அரியலூருக்கு இருபத்தெட்டு ரூபாய். பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் என் தங்கை மலரைக் கரடி கடித்து எட்டு நாளாகியிருந்தது. திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து முதல்நாள்தான் வீடு திரும்பியிருந்தாள். இடது கண் போய்விட்டது.

ஏழு மணி, அரியலூர். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பெரம்பலூர் பஸ் ஊர்ந்தது. புழுதிக்கு ஜன்னலை மூடிவிட்டு, மலரின் புருஷன் செல்வம் இரண்டு மாதம் முன்பு போனில் கேட்டதை நினைத்துக்கொண்டு வந்தேன். மக்காச்சோளத்தில் பன்றி இறங்குகிறது, எந்தத் துப்பாக்கி சரிப்படும் என்று கேட்டான். ராணுவத்தில் இருபது வருஷம் துப்பாக்கி பழுதுபார்த்தவன் நான், உற்சாகம் வந்துவிட்டது. பன்றிக்குப் பன்னிரண்டு போர் ரவைத் துப்பாக்கி போதும், கரடிக்கு மயிரும் கொழுப்பும் கனம், ரவை தோலோடு நின்றுவிடும், 315 ரைஃபிள் வேண்டும், பனிமலை ஆட்டுக்கு இன்னும் தூரம் பாய்கிற குண்டு வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். லைசென்ஸ் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

ஒன்பதரைக்கு மினி பஸ் அடிவாரத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் ஆட்டோ, நூறு ரூபாய். கரடி கடிச்ச வூட்டுக்கா என்று டிரைவர் கேட்டார். அன்றிலிருந்து பெண்கள் யாரும் விறகுக்கு மலையேறவில்லையாம். எத்தனை நாளைக்கு அப்படி இருக்க முடியும் என்றார்.

பாதி முகத்தைக் கட்டு மறைத்திருந்தது. என்னைப் பார்க்க மலர் தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. அவள் ஊற்றிய டீ டம்ளருக்கு வெளியே விழுந்தது.

செல்வம் என்னைச் சோளக்காட்டுக்குக் கூட்டிப்போய் வரப்பில் உட்காரவைத்தான். இரவல் வாங்கிய நாட்டுத் துப்பாக்கியால், பன்றி என்று நினைத்து அவன் சுட்டிருக்கிறான். விழுந்து எழுந்து ஓடியது கரடி. மூன்றாம் நாள் மலர் புல்லறுக்கப் போன ஓடைப் புதரில் அது படுத்திருந்தது.

"இன்னும் மேலதான் கெடக்கு மச்சான். நேத்துக்கூட ரத்தம் பார்த்தேன். ஒரே குண்டுல முடிக்க எது வேணும், சொல்லுங்க."

துப்பாக்கி வேண்டாம், வனத்துறையில் சொல்லு, டாக்டரோடு வந்து பிடிப்பார்கள் என்றேன்.

"சொன்னா என்னை உள்ள வச்சிருவாங்க. இவளை யாரு பாக்குறது?"

நாளைக்கு விறகுக்குப் போகிறவள் எவளோ, அவளை யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டேன். அவன் வெகுநேரம் மண்கட்டிகளை நசுக்கிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து கால் கழுவி, சட்டை மாற்றி, ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன் என்று மலரிடம் சொல்லிவிட்டு வந்தான்.

வனத்துறை ஆபீசில் அவனை உள்ளே வைத்துக்கொண்டார்கள். மாலை நான்கு மணிக்குப் பெரம்பலூர் பஸ் நிலையத்துக்குத் தனியாக நடந்தேன். எங்கள் கொள்ளிடக்கரையில் நெல்லும் கரும்பும்தான். மலையும் இல்லை, கரடியும் இல்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு துப்பாக்கி பற்றிப் பேசுவது எவ்வளவு சுலபமாக இருந்தது. அடிவாரத்துக்கே மறுபடி பஸ் ஏறினேன்.

மலர் போன் செய்தாள். மூணு பேருக்கு உலை வைக்கவா என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கு வை."

உலைப் பானையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"தெரியும்ண்ணே. அது மேல விழுந்தப்பவே தோள்ல குண்டுக் காயத்தைப் பார்த்துட்டேன். அவருகிட்டதான் சொல்லல."